மரப் பந்தயப் படகு: பழுது பார்ப்பதா, பார்த்துச் செய்வதா?

2023 அக்டோபர் 14, வாசகர் ஒருவரின் கேள்வி

"நீங்கள் சென்ற வாரம் இட்ட படங்களைப் பார்த்தேன். 1950களில் கட்டப்பட்ட ஓர் அவுட்போர்டு (எஞ்சினைப் பின்பலகையின் வெளியே மாட்டும்) பந்தயப் படகு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைச் சீர்செய்யாமல், அளவெடுத்து அதே போல வேறொன்றைப் புதிதாகக் கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டுப் பக்கத்து மனையில் அதே முகப்போடு வீடு கட்டுவதைப் போன்றது இது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்பாக்ஸிப் பசையால் ஒட்டிய புதுப் பலகையில் பழமை எங்கே இருக்கிறது?"

2023 அக்டோபர் 14, மாலை

இந்தக் கருத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. படகு வீட்டுக்கு வந்த நாள் முதல் நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் படகின் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வின்னபாகோ ஏரியின் தென்கரையில் உள்ள ஃபாண்ட் டு லாக் ஊரில் வசிக்கிறேன். இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு மாட்டுப் பண்ணையின் கொட்டகையில், துருப்பிடித்த டிரெய்லர் ஒன்றின் மேல், வைக்கோல் தூசு விரலளவு படிந்த நிலையில் இந்தப் படகு இருந்தது. பதினொன்றரை அடி நீளம். கட்டியவர் பெயர் பொறித்த தகடு எதுவும் இல்லை. மேல்தளத்துப் பலகையில் எலி கூடு கட்டியிருந்தது. அடிப்பலகை டக்ளஸ் ஃபர் பிளைவுட். அந்த மரத்துக்கே உரிய குணப்படி மேற்பரப்பு முழுவதும் நீளவாட்டில் கீறல் கீறலாக வெடித்திருக்கிறது. வங்குகளை, அதாவது விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை, அடிப்பலகையோடு பிடித்திருந்த பசை அத்தனையும் செத்துவிட்டது. விரல் நகத்தால் சுரண்டினால் கண்ணாடித் தூள் போல உதிர்கிறது.

இதைத் தண்ணீரில் இறக்கும் அளவுக்குச் சீர்செய்ய வேண்டுமென்றால் அடிப்பலகையை மாற்ற வேண்டும், வங்குகளில் பாதியை மாற்ற வேண்டும், எஞ்சின் மாட்டும் பின்பலகையை மாற்ற வேண்டும். மிஞ்சுவது மேல்தளமும் ஸ்டீயரிங் சக்கரமும் மட்டுமே. அந்த வேலையின் முடிவில் பழைய படகும் இருக்காது, அதைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தியும் இருக்காது. எனவே பழையதை இருக்கிற நிலையிலேயே காப்பாற்றி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து ஒன்றைக் கட்டி, கட்டியதை ஓட்ட வேண்டும் என்பது என் முடிவு.

2023 அக்டோபர் 14, இரவு

மேலே "பசை அத்தனையும்" என்று எழுதியது தவறு. இப்போது விளக்கோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணியத்துப் பக்கம், அதாவது முன்பக்கம், உள்ள இரண்டு வங்குகளில் பசை இன்னும் இறுகப் பிடித்திருக்கிறது. தண்ணீர் தேங்கிய கடையால் பக்கத்தில், அதாவது பின்பக்கத்தில்தான் விட்டிருக்கிறது.

2023 அக்டோபர் 22

இது எந்த வகைப் படகு என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அக்காலத்து அமெரிக்க அவுட்போர்டுப் பந்தயங்களில் எஞ்சினின் கொள்ளளவை வைத்துப் படகுகளைப் பிரித்தார்கள். ஏ வகுப்புக்கு 15 கன அங்குலம், பி வகுப்புக்கு 20, சி வகுப்புக்கு 30, டி வகுப்புக்கு 40 என்பது ஏறத்தாழ உள்ள கணக்கு. என்னிடம் உள்ளது பி வகுப்பு ரன்அபவுட், அதாவது அடிப்பாகம் தட்டையான படகு. 20 கன அங்குலம் என்பது சுமார் 328 சி.சி.; ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைவிடச் சற்றுச் சிறியது.

இதன் பின்பலகையில் உள்ள இரும்புத் தழும்புகளின் இடைவெளியைப் பார்த்தால் மெர்க்குரி நிறுவனத்தின் எஞ்சின்தான் மாட்டப்பட்டிருக்க வேண்டும். நான் தேடிப் பிடித்திருப்பது மார்க் 20எச். அதன் கீழ்ப்பகுதி பந்தயத்துக்கென்றே ஒல்லியாக வார்க்கப்பட்டது. அதில் நியூட்ரல் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. எஞ்சின் உயிர் பெற்ற கணத்திலேயே புரொப்பெல்லர் சுழலும். ஆகவே இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் நின்று கடையாலைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, முழங்காலிட்டிருக்கும் ஓட்டுநர் திரும்பி, முடிச்சிட்ட கயிற்றை ஃப்ளைவீலில் சுற்றி இழுப்பார். எஞ்சின் பிடித்ததும் பின்னால் இருப்பவர் படகைத் தண்ணீரில் விடுவார். விட்ட வேகத்தில் படகு போய்விடும். பின்னால் நின்றவரின் முகத்தில் நீரும் புகையும் அடிக்கும்.

இந்த ஊரில் இதைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு தனி உணர்வு இருக்கிறது. கார்ல் கீக்கேஃபர் 1939இல் இதே மாநிலத்தின் சீடர்பர்க் ஊரில் ஒரு தொழிற்கூடத்தை வாங்கினார். அங்கே கிடந்தவை, வாங்கிய நிறுவனம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிய முந்நூறு அவுட்போர்டு எஞ்சின்கள். அவற்றைச் சரிசெய்து மறுபடி விற்றதிலிருந்து தொடங்கியதுதான் மெர்க்குரி. அதன் தலைமையகம் இன்று இந்த ஊரில் இருக்கிறது. அவுட்போர்டு எஞ்சினை முதன்முதலில் கண்டுபிடித்த ஓலே எவின்ரூடும் இதே மாநிலத்தின் மில்வாக்கிக்காரர்தான்.

2023 அக்டோபர் 23

எவின்ரூடைப் பற்றி நான் எழுதியதை வாசகர் ஒருவர் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வது சரி. எவின்ரூடுக்கு முன்பே கேமரன் வாட்டர்மேன் டெட்ராய்ட் பகுதியில் அவுட்போர்டு எஞ்சின்களைச் செய்து விற்றிருக்கிறார். அவருக்கும் முன்னால், 1896இலேயே நியூயார்க்கில் ஒரு நிறுவனம் சிலவற்றைச் செய்திருக்கிறது. 1909இல் விற்கத் தொடங்கிய எவின்ரூடின் எஞ்சின் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது என்று எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: "பந்தயப் படகு என்றால் முன்புறம் இரண்டு பக்கமும் கால்கள் போல நீட்டிக்கொண்டிருக்குமே, உங்களுடையதில் ஏன் இல்லை?" நீங்கள் சொல்வது ஹைட்ரோபிளேன். அந்தக் கால்களுக்கு ஸ்பான்சன் என்று பெயர். நியூஜெர்சியில் படகு கட்டிய அடால்ஃப் ஏப்பலும் அவர் மகன் ஆர்னோவும் 1930களின் நடுவில் இந்த அமைப்பை நிலைநாட்டினார்கள். முன்னால் இரண்டு ஸ்பான்சன்கள், பின்னால் கடையாலின் ஒரு சிறு பரப்பு, ஆக மூன்றே இடங்களில் படகு தண்ணீரைத் தொடும். இரண்டு ஸ்பான்சன்களுக்கு நடுவே புகும் காற்று படகைத் தூக்கிக் கொடுக்கும். அவர்கள் கட்டிய அலாகி என்ற பெரிய படகு 1938இல் டெட்ராய்ட்டில் தங்கக் கோப்பைப் படகுப் பந்தயத்தை வென்ற பிறகு வேகத்தை விரும்பியவர்கள் எல்லாரும் அந்த வழிக்கு வந்தார்கள். சிறிய அவுட்போர்டுப் படகுகளுக்கும் அதுவே வந்து சேர்ந்தது.

ரன்அபவுட்டில் அடிப்பாகத்தில் படியும் கூடாது, ஸ்பான்சனும் கூடாது. ஒரே தட்டையான அடிப்பலகைதான். அதனால் அது ஹைட்ரோபிளேனைவிட மெதுவானது. ஆனால் ஓட்டுவதற்குக் கடினமானது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். காற்றின் துணையில்லாமல் கடைசி இரண்டு, மூன்று அடிப் பலகையின் மேலேயே முழுப் படகும் நின்று ஓட வேண்டும். ஓட்டுநர் தன் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் அதை அடக்க முடியும். ஆகவே ரன்அபவுட்டின் உயிர் முழுவதும் அந்தக் கடைசி மூன்றடியில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இதற்கு வருவேன்.

2023 நவம்பர் 5

பசையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படகுகளைப் பற்றிப் பேச முடியாது.

1920களின் அவுட்போர்டுப் பந்தயப் படகுகள் மெல்லிய பலகைகளை அடுக்கிச் செப்புக் கம்பியடித்துக் கட்டப்பட்டவை. அவை கனமானவை, நனைந்தால் இன்னும் கனமானவை. பிளைவுட் அப்போதும் இருந்தது, ஆனால் தண்ணீர் பட்டால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். 1934இல் வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் ஊரில் ஒரு பிளைவுட் ஆலையில் நீர் புகாத பசை கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் ஒரே பலகையில் படகின் முழு அடிப்பாகத்தையும் போர்த்த முடிந்தது. எடை சரிபாதிக்கு இறங்கியது என்று சொன்னால் மிகையாகலாம், ஆனால் ஒருவர் தனியாகத் தோளில் தூக்கிப் பார்க்கக்கூடிய படகு அப்போதுதான் சாத்தியமாயிற்று. போருக்குப் பிறகு கைத்தொழில் இதழ்கள் வெளியிட்ட வரைபடங்களைப் பார்த்து, பள்ளி மாணவர்கள்கூட வீட்டுக் கொட்டகையில் இத்தகைய படகுகளைக் கட்டினார்கள்.

பிளைவுட்டின் உள்ளே இருந்த பசை நல்லது. ஆனால் கட்டுபவர் கையில் இருந்த பசை வேறு. தண்ணீரில் கலக்கும் பழுப்பு நிறப் பொடி அது. மலிவானது, கலக்க எளிது, காய்ந்தால் கல் போல ஆகும். நாற்பது ஆண்டு ஈரத்துக்கும் வெயிலுக்கும் பிறகு நொறுங்கிவிடும். ரெசார்சினால் என்ற இன்னொன்று இருந்தது. கருஞ்சிவப்பாக ஒரு கோடு விட்டுச் செல்லும், படகைவிட நீண்ட காலம் வாழும். ஆனால் இணைப்பில் மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது, அறை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், கிளாம்ப்பை முழு பலத்தோடு இறுக்க வேண்டும். என் படகைக் கட்டியவர் வங்குகளுக்குப் பொடிப் பசையும், பின்பலகைக்கு மட்டும் ரெசார்சினாலும் பயன்படுத்தியிருக்கிறார். எஞ்சின் பிடுங்கும் இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடத்தில் அவர் செலவைப் பார்க்கவில்லை.

2023 நவம்பர் 19

இன்று படகைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பலகையை அளந்தேன். நான்கடி அலுமினிய மட்டக்கோலைப் பலகையின் மேல் நிறுத்தி, அந்தப் பக்கம் ஒரு விளக்கை வைத்து, இந்தப் பக்கம் கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதுதான் முறை. ஒளி கசியாத இடம் நேரானது, கசிகிற இடம் பள்ளம்.

அணியத்திலிருந்து பின்னோக்கி வரும்வரை வியக்கத்தக்க அளவு நேராக இருக்கிறது. கடையாலுக்கு வந்தபோது மட்டும், கடைசிப் பதினான்கு அங்குலத்தில், கோலுக்கு அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தது. அளவுத் தகடுகளைச் செருகிப் பார்த்தேன். ஆழமான இடத்தில் மாகாணி அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. பின்பலகையின் விளிம்பு அவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள்.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. டிரெய்லரின் தாங்குகட்டைகள் கடையாலுக்கு ஒன்றரை அடி முன்னாலேயே முடிந்துவிட்டிருந்தன. பின்பகுதி அந்தரத்தில் தொங்கியபடி பல ஆண்டுகள் இருந்திருக்கிறது. பழைய படகுகளில் இது வழக்கமாகக் காணப்படும் குறை. புதுப் படகில் இந்தத் தொய்வை நீக்கி அடிப்பலகையை முழுக்க நேராக வைக்கிறேன்.

2023 டிசம்பர் 2

மேல்தளத்தின் ஒரு மூலை தானாகவே கழன்றிருந்தது. அதன் வழியே கைவிளக்கை விட்டு உள்ளே பார்த்தேன். கட்டியவரின் பென்சில் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு வங்கிலும் நடுக்கோடு, எண், இடம் வலம் குறிக்கும் எழுத்து. ஓரிடத்தில் ஓர் எண்ணை அடித்துவிட்டு வேறொன்றை எழுதியிருக்கிறார். கடையாலுக்குச் சற்று முன்னால், நீளவாட்டில் ஓடும் இரண்டு நெடுங்கட்டைகளிலும் குறுக்கே ஒரு கோடும் அதன் பக்கத்தில் சிறிய பெருக்கல் குறியும் இருக்கின்றன. திருகு போட வேண்டிய இடமாக இருக்கலாம். எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டேன்.

அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அறுபது, எழுபது ஆண்டுகளாக யாரும் பார்க்காத கையெழுத்து அது.

2024 ஜனவரி 14

வெளியே பூச்சியத்துக்குக் கீழே குளிர். எப்பாக்ஸி இந்தக் குளிரில் உறையாமல் தேன் போல நிற்கிறது. ஒட்டிய இடத்தின் மேல் பழைய கம்பளியைப் போர்த்தி அடியில் விளக்கை எரியவிட்டிருக்கிறேன்.

எட்டடிப் பிளைவுட்டிலிருந்து பதினொன்றரை அடி எடுக்க இரண்டு பலகைகளைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். கனத்தைப் போல எட்டு மடங்கு சரிவு. கால் அங்குலப் பலகைக்கு இரண்டு அங்குலம். இரண்டு பலகைகளையும் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே இழைப்பில் சீவினால் இரண்டுக்கும் ஒரே சரிவு கிடைக்கும். பிளைவுட்டின் அடுக்குகள் நேர்கோடுகளாகத் தெரிந்தால் சீவல் சரியாக இருக்கிறது, கோடு வளைந்தால் இழைப்புளி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று பலகையே சொல்லிவிடும்.

நான் ஃபர் பிளைவுட்டை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் ஒக்கூமே பிளைவுட்டை எடுத்திருக்கிறேன். எடை குறைவு, மேற்பரப்பு வெடிக்காது. ஆனால் ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் மக்கிவிடும். ஆகவே இதை வெளியில் போட்டுவைக்க முடியாது. கேள்வி கேட்ட வாசகருக்கு இது ஏற்புடையதாக இராது என்பதையும் அறிவேன்.

2024 ஜனவரி 28

"எப்பாக்ஸி வரைக்கும் வந்துவிட்டீர்கள், ஃபைபர்கிளாஸ் துணியையும் போர்த்திவிட்டால் ஆயுள் கூடுமே" என்று ஒருவர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். அக்டோபரில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடியும் பக்கமும் போர்த்தினால் பத்துப் பவுண்டுக்கு மேல் ஏறும். பழைய படகை வீட்டுத் தராசில் இரண்டு பக்கமாக நிறுத்தி எடுத்த எடை 131 பவுண்டு. அதிலே பத்து என்பது சிறிய விஷயமன்று. இருபது குதிரைத்திறனுக்கும் குறைவானது என்று விற்கப்பட்ட ஓர் எஞ்சின் இதைத் தள்ள வேண்டும்.

எடையைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது இன்னொன்று. துணி போர்த்திய படகு விறைத்துப் போகும். இந்தப் படகுகளின் பக்கப்பலகை அலை மீது அடிக்கும்போது சற்று வளைந்து கொடுக்கும். அந்த வளைவு முழங்காலில் தெரியும் என்று சொல்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் நான் எதைத் தெரிந்துகொள்வதற்காக இதைக் கட்டுகிறேன்?

ஆகவே என் வரைமுறை இப்போது இதுதான். படகு எப்படி ஓடுகிறது என்பதைத் தீர்மானிக்கும் எதையும் மாற்ற மாட்டேன்: வடிவம், எடை, வங்குகளின் இடைவெளி, பலகையின் கனம். படகு எப்போது சாகிறது, அதில் இருப்பவர் எப்போது சாகிறார் என்பதைத் தீர்மானிப்பவற்றை மாற்றுவேன்: பசை, பின்பலகையின் போல்ட்டுகள், அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் கயிறு.

2024 மார்ச் 17

மேல்தளம் முடிந்தது. மகாகனிக்கு ஏழு பூச்சு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே உப்புத்தாள் தேய்ப்பு.

அந்நாளைய ஹைட்ரோபிளேன்கள் பலவற்றில் மேல்தளத்தில் பலகையே இருக்காது. விமான இறக்கையைப் போர்த்தும் துணியை இழுத்துக் கட்டி, டோப் என்ற பூச்சைப் பூசி முரசு போல விறைக்க வைப்பார்கள். ஒரு பவுண்டைக் குறைப்பதற்கு அவர்கள் எதையும் விட்டுக்கொடுத்தார்கள். நியூயார்க் மாநிலத்தில் கிளேட்டன் ஊரில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள பழம்படகு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பளபளக்கும் மகாகனியைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல் குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அழகு அங்கேதான் இருக்கிறது.

புதுப் படகின் எடை 121 பவுண்டு. மகிழ்ச்சியில் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தேன்.

2024 மே 25

இன்று தண்ணீரில் இறக்கினோம். காற்றில்லாத காலை. நண்பர் ஒருவர் கடையாலைப் பிடித்துக்கொண்டார். நான்காவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது.

முப்பது மைல் வேகம் வரை எல்லாம் நான் கனவு கண்டபடியே இருந்தது. அதற்கு மேல் படகு ஆடத் தொடங்கியது. பக்கவாட்டில் அன்று, மேலும் கீழுமாக. அணியம் எழும், விழும், எழும், ஒவ்வொரு முறையும் முன்னைவிட உயரமாக. கடற்பன்றி துள்ளிப் போவதைப் போல என்று இங்கே சொல்வார்கள். த்ராட்டிலைக் குறைத்தால் அடங்குகிறது, கொடுத்தால் மறுபடி துள்ளுகிறது. 38 மைலுக்கு மேல் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. தாடைப் பற்கள் ஒன்றோடொன்று மோதி நாக்கில் காயம்.

கரைக்கு வந்து படகின் பக்கத்தில் உட்கார்ந்தபோது மிகவும் சோர்ந்துவிட்டேன். ஏழு மாத வேலை இது.

2024 மே 26

நேற்றைய சோர்வு இன்று இல்லை. எஞ்சினைச் சாய்க்கும் கோணத்தை ஒரு துளை உள்ளே தள்ளிப் பார்த்தேன். துள்ளல் பாதி குறைந்தது, கூடவே வேகமும் குறைந்தது. அணியம் தண்ணீரை உழுகிறது. முழங்கால் மெத்தையை ஆறு அங்குலம் முன்னால் நகர்த்தினேன். சற்று மேல். ஆனால் திருப்பத்தில் கடையால் பிடிப்பில்லாமல் வழுக்கியது. இவை எல்லாம் நோய்க்கு மருந்து அல்ல. இதற்கு மூலமான பழைய படகு இப்படியா ஓடியது? இப்படி ஓடியிருந்தால் அதன் பின்பலகையில் இத்தனை தழும்பு ஏறும் அளவுக்கு அதை யாரும் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

2024 ஜூன் 9

நவம்பர் 19 அன்று நான் எழுதியது தவறு. அந்தக் குறிப்பை அழிக்கவில்லை. இதையும் அதையும் சேர்த்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பழைய படகின் இடப்பக்க நெடுங்கட்டை பசை விட்டுப் போய், இரண்டு திருகுகளில் மட்டும் நின்றிருந்தது. நேற்று இரவு அந்தத் திருகுகளைக் கழற்றி, கட்டையை முழுதாக வெளியே எடுத்து, மேசை மேல் வைத்து மட்டக்கோலை வைத்தேன். படகிலிருந்து கழன்ற பிறகும், அதன் அடி விளிம்பு கடைசிப் பதினான்கு அங்குலத்தில் அதே மாகாணி அங்குலம் பள்ளம் காட்டுகிறது. தொய்வினால் வளைந்திருந்தால் கட்டையின் மேல் விளிம்பும் வளைந்திருக்க வேண்டும். மேல் விளிம்பு நூல் பிடித்தாற்போல நேராக இருக்கிறது.

பிறகு பூதக்கண்ணாடியோடு மரத்தின் நாரைப் பார்த்தேன். ஸ்ப்ரூஸ் மரம், நார் ரயில் தண்டவாளம் போல நேராக ஓடும். கட்டை தொய்ந்திருந்தால் நாரும் விளிம்போடு சேர்ந்து வளைந்திருக்கும். இங்கே நார் நேராகப் போகிறது. அடி விளிம்புதான் நாரை மிகச் சிறிய சாய்வில் வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு நாரும் ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பில் வந்து முடிகிறது. இழைப்புளி போன தடமும் இருக்கிறது. அந்தப் பள்ளம் எங்கே தொடங்குகிறதோ சரியாக அங்கேதான், டிசம்பர் 2 அன்று நான் திருகுக்கான இடம் என்று நினைத்த பென்சில் கோடும் பெருக்கல் குறியும் இருக்கின்றன.

அவர் வேண்டுமென்றே சீவியிருக்கிறார். கடையாலின் விளிம்பைத் துளி கீழே இறக்கினால், வேகத்தில் தண்ணீர் அந்த விளிம்பைத் தள்ளிக் கடையாலை உயர்த்தும், அணியம் அடங்கும், துள்ளல் நிற்கும். இதற்காக உச்ச வேகத்தில் சிறிது இழக்க நேரும். அந்த இழப்பைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, முழு த்ராட்டிலில் பிடித்து ஓட்டக்கூடிய படகை அவர் கட்டியிருக்கிறார். நான் அதைக் குறை என்று எண்ணி நீக்கியிருக்கிறேன். பெயர் தெரியாத அந்தத் தச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

2024 ஜூன் 10

முதல் கேள்வியைக் கேட்ட வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார்: "அதையே பழுது பார்த்திருந்தால் இந்தப் பிழை நேர்ந்திராதே."

நேர்ந்திருக்கும் ஐயா, அதுவும் திருத்த முடியாதபடி. நவம்பரில் எனக்கு அது தொய்வு என்பதில் ஐயமே இருக்கவில்லை. பழைய படகில் வேலை செய்திருந்தால் அந்த நெடுங்கட்டைகளை நேராகச் சீவியிருப்பேன், அல்லது மக்கியவற்றோடு சேர்த்து எறிந்திருப்பேன். பிறகு படகு துள்ளியிருக்கும். எதைப் பார்த்து என் பிழையை அறிந்திருப்பேன்? தவறு செய்தது புதுப் படகின் மேல் என்பதால்தான் சரியானது இன்னும் கொட்டகையில் இருக்கிறது. ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: நான் அந்தப் படகை ஒரு வரைபடம் போல அளந்தேன், ஒருவர் செய்த வேலையாக அதைப் படிக்கவில்லை. பென்சில் குறியைப் பார்த்த அன்றே கட்டையைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

2024 ஜூன் 22

புதுப் படகின் கடையாலில் எப்பாக்ஸியோடு மகாகனித் தூளைக் குழைத்துப் பூசி, மட்டக்கோலால் இழுத்து, பின்பலகை விளிம்பில் மாகாணி அங்குலமும் பதினான்கு அங்குலத்துக்கு முன்னால் ஒன்றுமில்லாமலும் முடியும்படி தேய்த்தேன். எஞ்சினையும் முழங்கால் மெத்தையையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன்.

இன்று காலை ஏரி தட்டாக இருந்தது. முப்பதைத் தாண்டியபோது உடம்பு தானாகவே இறுகியது. ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தெட்டு. நாற்பது. அணியம் கண்ணுக்கு முன்னால் அசையாமல் நின்றது. முழங்காலுக்கு அடியில் சிற்றலைகள் தனித்தனியாகத் தட்டுவது தெரிந்தது, விரலால் மேசையைத் தட்டுவது போல. நேர் ஓட்டத்தில் 46 மைல். முழு த்ராட்டிலில், ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு.

1958இல் சியாட்டலின் வாஷிங்டன் ஏரியில் ஹ்யூபர்ட் என்ட்ராப் ஓர் அவுட்போர்டுப் படகில் மணிக்கு நூறு மைலைத் தாண்டினார் என்று பல முறை படித்திருக்கிறேன். தண்ணீரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முழங்காலிட்டு 46இல் போன பிறகுதான் அந்த எண்ணின் பொருள் எனக்குப் புரிகிறது.

2024 ஜூலை 13

ஓட்டத்தைக் கரையிலிருந்து பார்த்த முதியவர் ஒருவர் இன்று வீட்டுக்கு வந்தார். இளமையில் இந்த ஏரியில் பி வகுப்பு ஓட்டியவராம். அந்தக் காலத்துத் தொடக்க முறையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். கரையில் ஒரு பெரிய கடிகாரம். அதன் முள் கடைசி நிமிடத்தைக் கடந்து பூச்சியத்தைத் தொடும்போது படகு முழு வேகத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினால் தகுதி போய்விடும், இரண்டு நொடி பிந்தினால் மற்றவர்கள் எழுப்பும் நீர்த்திரைக்குள் கண் தெரியாமல் ஓட்ட வேண்டும். கையை விட்டால் தானே மூடிக்கொள்ளும் த்ராட்டில் அப்போதே இருந்தது. நான் சேர்த்திருக்கும் அவசரக் கயிற்றைப் பார்த்துத் தலையசைத்து, இது அன்று இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றார். யாரையோ நினைத்துச் சொன்னார், நான் கேட்கவில்லை.

பழைய படகைப் பார்க்க வேண்டும் என்றார். கொட்டகைக்கு அழைத்துப்போனேன். வார்னிஷையோ ஸ்டீயரிங்கையோ அவர் பார்க்கவில்லை. சிரமப்பட்டுக் குனிந்து, கடையாலின் அடியில் கையை விட்டு, விளிம்பிலிருந்து முன்னோக்கி உள்ளங்கையால் ஒரு முறை தடவினார். ஏழு மாத வேலையிலும் ஒரு மட்டக்கோலிலும் நான் கண்டுபிடித்ததை அந்தக் கை ஒரே தடவலில் கண்டுகொண்டது. "கொஞ்சம் இறக்கியிருக்கிறான்" என்று மட்டும் சொன்னார்.

புதுப் படகில் எஞ்சின் அரை அங்குலம் தாழ்வாக இருக்கிறதாம். பின்பலகையின் மேல் ஒரு சட்டத்தை வைத்து உயர்த்தச் சொல்லியிருக்கிறார். அடுத்த சனிக்கிழமை, காற்றில்லாவிட்டால், அதைச் செய்து பார்க்கிறோம். கடையாலைப் பிடித்துக்கொள்ள அவரே வருகிறார்.